லைன் வீட்டை ஆய்வு செய்ய நினைக்கும் மாணவருக்கு

நீலகிரியில் சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, இப்போது கோவையில் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரே ஒரு கேள்வி: ஏழைக் குடும்பத்துக்கு நல்ல வீடு கிடைத்தால் அதன் வாழ்க்கை உயரும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா, அல்லது அது மேடைப் பேச்சு மட்டும்தானா? ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் மூன்று செய்திகளையும் சேர்த்துப் படித்தால்தான் உங்கள் மனத்தில் இருப்பது புலப்படுகிறது. அம்மா இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு பெறப் போகிறார். அதற்குப் பிறகும், தோட்ட நிர்வாகம் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் இருக்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும் என்பதால், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் அண்ணன் திரும்பி வரலாமா என்று யோசிக்கிறார். இதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்கலாமா என்று கேட்டதற்கு, வீடு என்பது பொறியாளரும் பொருளாதாரம் படித்தவர்களும் பார்க்க வேண்டிய விஷயம் என்று உங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டார். ஆக, சுவரும் கூரையும் உங்கள் கேள்வியின் மேல்தோல்தான். ஒரு குடும்பத்துக்குத் தன் வீட்டின் மேல் எவ்வளவு பிடி இருக்கிறது, அந்தப் பிடிக்காக அது என்ன விலை கொடுக்கிறது என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் சமூகவியல் கற்பித்து ஓய்வு பெற்று, கோத்தகிரியில் இருக்கிறேன். ஆண்டுதோறும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு படகர் ஊர்களான ஹட்டிகளிலும் தோட்டங்களிலும் தொகுப்பு வீடுகளிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்த அனுபவம் இருக்கிறது. சட்டம் படித்தவன் அல்லன். ஆகவே அம்மா குடியிருக்கும் அந்தக் குறிப்பிட்ட வீட்டைப் பற்றி உறுதியான ஆலோசனை வேண்டுமானால் தொழிற்சங்கத்திடமோ உதகையிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பேராசிரியரின் ஆட்சேபத்தை முடித்துவிடலாம். 1872ஆம் ஆண்டிலேயே எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினையைப் பற்றிக் கட்டுரைத் தொடர் எழுதியிருக்கிறார். ஆலை முதலாளி கட்டிக்கொடுக்கும் வீடு வேலைநிறுத்த நாளில் முதலாளியின் கையிலேயே ஆயுதமாக மாறிவிடும் என்பது அதில் வரும் வாதங்களில் ஒன்று. 1967இல் ரெக்ஸ், மூர் என்ற இரு சமூகவியலாளர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஸ்பார்க்புரூக் பகுதியை ஆராய்ந்து, ஒரே வகை வேலை செய்பவர்கள்கூட எப்படிப்பட்ட வீட்டை அடைய முடிகிறது என்பதைப் பொறுத்துத் தனித்தனி வர்க்கங்களாகப் பிரிகிறார்கள் என்று எழுதினார்கள். பெரு நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஜான் டர்னர் என்ற கட்டடக் கலைஞர், வீட்டைப் பெயர்ச்சொல்லாகப் பார்க்காமல் வினைச்சொல்லாகப் பார்க்க வேண்டும் என்றார். வீடு என்னவாக இருக்கிறது என்பதைவிட, குடியிருப்பவரின் வாழ்க்கையில் அது என்ன செய்கிறது என்பதே முக்கியம் என்பது அவருடைய வாதம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் அவர் இதை வலிந்து விளக்க வேண்டியிருந்தது. தமிழில் 'வீடு' வேறு, 'குடியிருத்தல்' வேறு. உங்கள் தலைப்பில் 'லைன் வீடுகள்' என்று போடாமல் 'லைன் வீடுகளில் குடியிருத்தல்' என்று போட்டுப் பாருங்கள். பேராசிரியரின் ஆட்சேபம் பாதி கரைந்துவிடும்.

நம் மலையில் வீட்டை வைத்துச் சமூகத்தைப் படிப்பது புதிய காரியமும் அன்று. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901–02இல் தோடர்களை நேரில் ஆராய்ந்து 1906இல் வெளியிட்ட நூலில், தவழ்ந்துதான் நுழைய முடிகிற வாசலைக் கொண்ட அந்த அரைப்பீப்பாய் வடிவக் குடில்களும் பால்மனைகளும் விரிவாக இடம்பெற்றன. படகர் சமூகத்தை 1930களிலிருந்து மேண்டல்பாமும், 1960களிலிருந்து பால் ஹாக்கிங்ஸும் ஆராய்ந்திருக்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது இதில் ஓர் இடம். பழைய ஹட்டியின் வீடுகளும் வரிசை வீடுகள்தான். மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டி, பக்கத்து வீட்டுச் சுவரைத் தன் சுவராகக் கொண்டு, பொதுமுற்றத்தைப் பார்த்தபடி நீளும். தோட்டத்து லைனும் அப்படியே: ஒட்டிய சுவர், ஒரே கூரை, முன்னால் ஒரு நீளமான வாசல். தூரத்திலிருந்து புகைப்படம் எடுத்தால் இரண்டுக்கும் வேற்றுமை சொல்லத் தெரியாது. ஆனால் ஹட்டி வரிசையில் பக்கத்து வீட்டில் இருப்பவர் பங்காளி. மகனுக்குக் கல்யாணமானால் வரிசை ஒரு வீடு நீளும். லைனில் பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்பதை நிர்வாகத்தின் பட்டியல் முடிவு செய்கிறது. மகனுக்குக் கல்யாணமானால் வரிசை நீளாது, சமையலறைக்கு நடுவில் ஒரு சேலைத் திரை வரும். கட்டட வடிவம் ஒன்று, அதற்குள்ளிருக்கும் உறவு முற்றிலும் வேறு. இன்று பல ஹட்டிகளில் பழைய வரிசையை இடித்துவிட்டுத் தனித்தனி மாடி வீடுகள் எழும்பியிருப்பதும், லைன்கள் பெரும்பாலும் அப்படியே நிற்பதும் இந்த வேற்றுமையின் தொடர்ச்சிதான். இடிக்கவும் எழுப்பவும் உரிமை உள்ளவர்கள் இடித்து எழுப்பினார்கள்.

இனி ஆதாரங்கள். மிக உறுதியாகச் சொல்லக்கூடியது உடல்நலம் பற்றியது. மெக்சிகோவில் மண்தரை வீடுகளுக்கு அரசு சிமென்ட் தரை போட்டுக்கொடுத்த திட்டத்தை, கட்டானியோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் மதிப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். ஒட்டியே அமைந்த நகரங்கள், நடுவில் ஒரு மாநில எல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் திட்டம் உண்டு, அந்தப் பக்கம் இல்லை. மற்ற எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் ஒப்பிட வசதியாக இருந்தது. மண்தரை முழுவதும் சிமென்ட் தரையாக மாறிய வீடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஏறக்குறைய பாதியாகவும், குடற்புழுத் தொல்லை முக்கால் பங்குக்கு மேலும் குறைந்தன. தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்தது. தரை மட்டும்தான் மாறியது, வருமானம் மாறவில்லை. நம் லைன்களில் சிமென்ட் தரை ஏற்கெனவே இருப்பதால் இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது நியூசிலாந்து ஆய்வு. ஹவ்டன்-சாப்மன் குழுவினர் குளிரான பழைய வீடுகளில் 1,350 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேருக்கு முதலில் கூரைக்கும் தரைக்கும் குளிர்காப்பு செய்துகொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டு 2007இல் எழுதினார்கள். படுக்கையறையின் வெப்பம் சராசரியாக அரை டிகிரிதான் உயர்ந்தது, ஈரப்பதம் சற்றே குறைந்தது. ஆனால் மூச்சிரைப்பும், பள்ளிக்கும் வேலைக்கும் விடுப்பு எடுப்பதும் கண்கூடாகக் குறைந்தன. ஜூலை மாதத்தில் பந்தலூரில் துணி காயாமல் வாரக்கணக்கில் கொடியில் தொங்குவதையும், சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சணம் படர்வதையும் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். இந்த அரை டிகிரியின் பொருள் உங்களுக்குப் புரியும். ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் ஈரத்தை விரட்டுவது விறகடுப்பு. நெஞ்சைக் கெடுப்பதும் அதே அடுப்பின் புகை. கேஸ் அடுப்பு வந்தால் புகை போகும், சூடும் சேர்ந்தே போகும். இந்த இரண்டில் எது எவ்வளவு என்பதை வேற்று நாட்டு ஆய்வைக் கொண்டு சொல்ல முயல்வது தவறு. இங்கேயே அளக்க வேண்டும்.

அடுத்தது உரிமைப் பத்திரம். ஏழையின் வீட்டுக்குப் பட்டா கொடுத்தால் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கித் தொழில் செய்து முன்னேறுவான் என்று பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோ 2000ஆம் ஆண்டில் வாதிட்டார். உலகெங்கும் அரசுகள் அதைப் பிடித்துக்கொண்டன. அதைச் சோதிக்க அர்ஜென்டினாவில் ஒரு வாய்ப்பு தானாகவே அமைந்தது. புவனோஸ் ஐரிஸ் நகரின் ஓரத்தில் 1981இல் சுமார் 1,800 குடும்பங்கள் ஒரு காலி நிலத்தில் குடிசை போட்டன. பின்னர் அரசு சட்டம் போட்டு நிலத்தைக் கையகப்படுத்தியபோது, பழைய உரிமையாளர்களில் சிலர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இதனால் அடுத்தடுத்த மனைகளில் ஒருவருக்குப் பத்திரம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. அதில் குடியிருப்பவரின் திறமைக்கோ சோம்பலுக்கோ எந்தப் பங்கும் இல்லை. கலியானி, ஷார்க்ரோட்ஸ்கி இருவரும் இதை ஆராய்ந்து 2010இல் எழுதிய முடிவு: பத்திரம் பெற்றவர்கள் வீட்டைச் செம்மையாகக் கட்டினார்கள், பிள்ளைகளை அதிகம் படிக்கவைத்தார்கள், கடன் கிடைப்பதில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. அதாவது பட்டாவின் பலன் வங்கியில் தெரியவில்லை, வீட்டுக்குள் தெரிந்தது.

இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கூடலூர் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம் பரம்பரையாக வைத்திருந்த ஜென்ம நிலங்களை, அரசிடமிருந்து நேரடியாகப் பட்டா பெறும் ரயத்துவாரியாக மாற்ற 1969இல் வந்த சட்டத்தில், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் வாழும் குடும்பங்களின் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்புக்கு அலைந்ததும், கல்லை அடுக்கி வைத்தும் சுவர் எழுப்பத் துணியாததும், எழுப்பினால் யாராவது வந்துவிடுவார்களோ என்று தார்ப்பாயிலேயே பத்து மழைக்காலத்தைக் கழித்ததும் அங்கே சாதாரணச் செய்திகள். ஒரு வீட்டில் முன்பக்கத்துக்கு மட்டும் பூச்சு பூசாமல் விட்டிருந்தார்கள். காரணம் கேட்டேன். "பளிச்சுன்னு இருந்தா கண்ணுல படும் சார்" என்றார் வீட்டுக்காரர். அர்ஜென்டினாவைப் போலவே இங்கும் பட்டா உள்ள வீடும் இல்லாத வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் இங்கே யாருக்குப் பட்டா கிடைத்தது என்பது குருட்டு வாய்ப்பால் நடந்ததன்று; முன்னால் வந்தவர், செல்வாக்கு உள்ளவர், ஆவணம் வைத்திருந்தவர் என்று பல காரணங்கள் கலந்திருக்கின்றன. எனவே அப்படியே ஒப்பிட்டு எண் எடுத்தால் அந்த எண் உங்களை ஏமாற்றும்.

மூன்றாவது, வீடு இருக்கும் இடம். இங்கேதான் மேடைப் பேச்சுக்கு அடி விழுகிறது. அகமதாபாத்தில் 1987இல் பீடி சுற்றும் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கினார்கள். 497 பேர் கலந்துகொண்டதில் 110 பேருக்கு விழுந்தது. வீடு நல்ல வீடு, ஆனால் ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி. பதினான்கு ஆண்டுகள் கழிந்த நிலையை பார்ன்ஹார்ட், ஃபீல்ட், பாண்டே ஆகியோர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். வீடு விழுந்தவர்களில் 34 விழுக்காட்டினர் அங்கே குடிபோகவே இல்லை. 32 விழுக்காட்டினர் போய்விட்டுத் திரும்பினார்கள். வருமானத்திலும் பிள்ளைகளின் நிலையிலும் வீடு விழாதவர்களைவிட அவர்கள் எந்த வகையிலும் உயர்ந்திருக்கவில்லை. அவசரத்துக்குக் கைமாற்று கேட்கக்கூடிய உறவும் தெருவும் தூரமாகிவிட்டன. இதற்கு எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 1994 முதல் நடந்த சோதனை இருக்கிறது. வறுமை மிகுந்த பகுதியிலிருந்து குறைந்த பகுதிக்குப் போக வாடகை உதவி பெற்ற குடும்பங்களில், 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்தபின் கணிசமாகக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பெற்றோரின் வருமானமோ அப்படியே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இடம் கைகொடுக்கவும் செய்யும், கழுத்தை நெரிக்கவும் செய்யும் என்பதுவரைதான் துணிந்து சொல்லலாம். பழங்குடியினருக்காகக் கட்டிய தொகுப்பு வீட்டில் ஆடு கட்டியிருக்க, குடும்பம் பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அதிகாரிகள் சலித்துக்கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். தேன் எடுக்கப் போகும் வழியும் இறந்தோர் அடங்கிய இடமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று வரைபடம் போடும்போது யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

இப்போது உங்கள் அண்ணனிடம் வருகிறேன். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்றது. 1981இன் திருத்தம், அந்த வீடு இடிந்து உயிர்ச்சேதமோ காயமோ ஏற்பட்டால் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்று சேர்த்தது. 2020இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இந்தச் சட்டம் அடக்கப்பட்டது. 1951இல் வீட்டை நிர்வாகத்தின் கடமையாக்கியது அக்காலத்தில் பெரிய வெற்றி. ஆனால் வீடு தொழிலாளி என்ற நிலையோடு கட்டப்பட்டது. பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில், இருக்கும்வரை வீடு. இந்த முடிச்சு எல்லாரையும் ஒரே மாதிரி இறுக்குவதில்லை. சமவெளியிலிருந்து வந்தவர்கள் வேலை செய்த காலம் முழுவதும் கீழே ஊரில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே இருப்பார்கள்; ஓய்வுப் பணத்தில் அதற்குக் கதவு போட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை, 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. 1974இல் மேலும் 75,000 பேர் சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசே இங்கு தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் பின்னர் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. இலங்கையில் நாலு தலைமுறை லைனில் இருந்து, இங்கே வந்தும் லைனில் ஏறியவர்களுக்குக் கீழே கட்ட ஊர் ஏது? அவர்களுக்கு ஓய்வு என்பது வீட்டை இழக்கும் நாளாகவும் இருக்கிறது. ஆகவே வீட்டைக் காப்பாற்ற ஒரு பிள்ளையை 'உள்ளே' வைத்துவிட்டு மற்றவர்களைத் திருப்பூருக்கும் கோவைக்கும் அனுப்புகிறார்கள். நான் பார்த்த பல குடும்பங்களில் அந்த ஒருவர் நன்றாகப் படித்த பிள்ளையாகவோ, திருமணமாகாத மகளாகவோ இருந்தார்.

இதைக் கொத்தடிமை முறையின் எச்சம் என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வாடகை இல்லாத வீடு, தண்ணீர், பிள்ளைக் காப்பகம், நாலு தலைமுறையாகச் சேர்ந்து வந்த கோயிலும் தெருவும் ஒரு பக்கம் இருக்கின்றன. திருப்பூரில் ஒற்றை அறைக்கு வாடகையும் அட்வான்ஸும் கொடுப்பவருக்கு மலையில் இருக்கும் லைன் வீடு, வேலை போனால் வந்து விழக்கூடிய மெத்தை. ஆகவே அண்ணன் திரும்பி வருவது கட்டாயமா, கணக்குப் போட்டு எடுத்த முடிவா என்பதை வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் திருப்பூரில் விடும் சம்பளத்துக்கும் தோட்டத்தில் வாங்கப்போகும் சம்பளத்துக்கும் இடையிலான தொகையை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பம் அந்த வீட்டுக்கு மாதந்தோறும் கொடுக்கும் உண்மையான வாடகை அதுதான். இதை நூறு குடும்பங்களில் எடுத்தால் நல்ல ஆய்வேடு ஆகும்.

வீட்டுப் பற்றாக்குறை என்ற சொல்லையும் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். 2012இல் அமிதாப் குண்டு தலைமையிலான குழு நாட்டின் நகரங்களில் 1.88 கோடி வீடுகள் குறைவு என்றது. அதில் வீடே இல்லாதவர்கள் பங்கு சுமார் 5 இலட்சம்தான், மிகப் பெரும் பகுதி ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருப்பவர்கள். அதே காலத்து மக்கள்தொகைக் கணக்கில் நகரங்களில் ஒரு கோடிக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 7,62,141, 2011இல் 7,35,394. ஆள் குறைந்தும் கட்டடம் கூடியது. சீசனில் மட்டும் விளக்கெரியும் காட்டேஜ்களைக் குன்னூர்ச் சரிவுகளில் எண்ணிப் பாருங்கள். 2009 நவம்பர் நிலச்சரிவில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்த மலை இது என்பதையும் நினைவில் வையுங்கள்.

களப்பணிக்குச் சில குறிப்புகள். 'சொந்த வீடா, வாடகை வீடா' என்ற வழக்கமான கேள்வி லைனில் பயன்படாது. "எங்க வீடுதான், தோட்டத்தோடது" என்று ஒரே மூச்சில் பதில் வரும், இரண்டும் உண்மை. அதற்குப் பதிலாக, இந்த வீட்டை விடச் சொல்ல யாரால் முடியும், கடைசியாக எதற்குச் சொந்தப் பணம் செலவழித்தீர்கள், கல்யாணமான மகன் எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள். சொந்தப் பணத்தைப் போட்டு ஓடு மாற்றிய குடும்பத்துக்கும், ஒழுகினாலும் நிர்வாகம் பார்க்கட்டும் என்று இருக்கும் குடும்பத்துக்கும் இடையில்தான் நீங்கள் தேடும் 'பிடி' இருக்கிறது. சொந்தத் தோட்டத்தில் எடுக்காமல் இரண்டு தோட்டம் தள்ளி எடுங்கள். உங்கள் அம்மாவைத் தெரிந்தவர்கள் உங்களிடம் நிர்வாகத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஒரே வீட்டுக்கு இருமுறை போங்கள், ஜனவரியில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை. ஜனவரியில் "ஒண்ணும் குறையில்ல" என்று சொன்ன அதே அம்மா, ஜூலையில் கட்டிலை எந்த மூலைக்கு நகர்த்தியிருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.